துலாரி இடம் மாற்றிய கம்புகள்

சியாதுலாரி நல்லவள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவள் வாய்க்குப் பயந்து எங்கள் சிர்சாபூர்வாவில் கோழிகூட அவள் வாசலில் கிளறாது. ஒரு கிண்ணம் மாவு இரவல் வாங்கினால் ஊருக்கே கேட்கிற மாதிரிதான் திருப்பிக் கேட்பாள். ஆனால் கேன் ஆற்றுக்கும் எங்கள் ஊருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அவளைத்தான் சொல்ல வேண்டும். அவளுக்கு அது பெருமையுமில்லை, எனக்கு ஆசையுமில்லை.

கேவட் சாதி. அப்பன் படகோட்டி. கல்யாணமாகி ஆற்றின் மேல்துறையிலிருந்து படகில் வந்து இறங்கியவள், மறுவாரமே மாமியாரோடு படுகையில் மண்டிபோட்டு மணலைத் தோண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்க் கேவட் ஜனங்களுக்குக் கரையில் ஒரு முழம் நிலம் கிடையாது. வெள்ளம் வடிந்ததும் ஆற்றுப் படுகைதான் அவர்கள் வயல். ஈரம் தட்டும்வரை மணலைத் தோண்டி, சாணி போட்டு, முலாம்பழமும் தர்பூசணியும் வெள்ளரியும் விதைப்பார்கள். பனிக்காற்று கொடியைக் கருக்காமலிருக்க நாணலால் தட்டி கட்டுவார்கள். கோடை முழுக்க விற்றால், அதுதான் வருடத்துச் சாப்பாடு.

பள்ளத்தில் இருக்கிற ஈர மணல்தான் கொடிக்கு உகந்தது. மேட்டு மணலில் போட்டால் பங்குனிக்குள் கொடி சுருண்டுவிடும். அதனால் பள்ளத்துக்குத்தான் போட்டி. ஆறு வருடா வருடம் படுகையைக் கலைத்துப் போடுகிறது, போன வருடத்து எல்லை இந்த வருடம் இருக்காது. இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். தீபாவளிக்கு மறுநாள், சாணத்தில் கோவர்த்தன மலை பிடித்துப் பூசை செய்த கையோடு எல்லாரும் படுகைக்கு இறங்குவார்கள். யார் எந்த இடத்தில் கம்பு நட்டு, தன் வீட்டுத் துணியைக் கிழித்துக் கட்டுகிறார்களோ அந்த இடம் அந்த வருடத்துக்கு அவர்களுடையது. யார் வீட்டுப் புடவை எது என்று எல்லாருக்கும் தெரியும், ஆகவே தகராறு வராது. அந்த நாளுக்கு முன்னாலேயே யாராவது திருட்டுத்தனமாக நட்டிருந்தால், அந்தக் கம்பைத் தூக்கி எறியக் கூடாது, ஆற்றுக்கு ஆகாது. பிடுங்கி மேட்டில், ஒன்றுக்கும் உதவாத மணலில் நட்டுவிட்டு வந்துவிடலாம். நட்டவன் வந்து பார்த்து வெட்கப்படுவான், அதுதான் தண்டனை.

துலாரிக்கு இரண்டு விஷயத்தில் பிடிவாதம். ஒன்று, ஆறு வளைகிற இடத்தில் இருக்கிற ஈரப் பள்ளம். எத்தனை வெள்ளம் வந்தாலும் அந்த வளைவில் பள்ளம் ஒன்று மிச்சமிருக்கும், அதை அவள் யாருக்கும் விட்டதில்லை. இரண்டாவது, ஓரகத்தி கேத்கியோடு பேசாமலிருப்பது. மாமியார் செத்தபோது இருந்தது ஒரே ஜோடி வெள்ளித் தண்டை. ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். ஒற்றைத் தண்டையை எந்தக் காலில் போடுவது? இரண்டு பேரும் போடவுமில்லை, விட்டுக்கொடுக்கவுமில்லை, அன்றோடு பேச்சு நின்றது. நடுவில் ஒரு மண்சுவர்தான். ஒருத்தி இருமினால் மற்றவளுக்குக் கேட்கும்.

அந்த வருடம் கோடையில் ஜில்லாவிலிருந்து சர்வேக்காரர்கள் வந்தார்கள். மணல், ஜல்லி, கருங்கல், செங்கல் மண் என்று ஜில்லாவில் என்னென்ன சிறு கனிமம் எங்கெங்கே இருக்கிறது, அள்ளினால் என்ன கெடும் என்று பார்த்து அறிக்கை எழுதவேண்டுமாம். எங்கள் துறையில் இருப்பது மோரங் என்கிற செம்மணல். கட்டடக்காரர்கள் அதற்கு உயிரை விடுவார்கள். சர்வேக்காரர்கள் படுகையில் சுண்ணாம்புப் பொடியால் குறி போட்டு உயரத்தை அளந்துகொண்டு போனார்கள். மழை முடிந்ததும் அதே இடங்களில் மறுபடி அளந்து, ஆறு புதிதாக எவ்வளவு மணல் கொண்டுவந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த அளவுக்குத்தான் அள்ள விடுவார்கள். ஒன்றும் கொண்டுவரவில்லை என்றால் இந்தத் துறையில் குத்தகை கிடையாது.

ஊரே நிம்மதியாக இருந்தது. ஏனென்றால் அந்த வருடம் மழை சரியாகப் பெய்யவில்லை. வெள்ளம் வந்ததா என்று ஆற்றிடமே கேட்க வேண்டும்போல் இருந்தது. வளைவில் போன வருடத்துப் பள்ளம் அப்படியே கிடந்தது. ஒழுங்காக அளந்தால் போதும், படுகை பிழைத்துவிடும்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் இரண்டு பேர் வந்து, பழைய குறிகளைக் கையிலிருந்த கருவியால் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றிலும் மூங்கில் கம்பு நட்டு, நம்பர் எழுதி, பளிச்சென்று தெரிய சிவப்புத் துணி கட்டினார்கள். உயரம் அளக்கிற கருவி கான்பூரிலிருந்து வேறு ஆட்களோடு பின்னால் வருமாம். அவர்களுக்குக் கம்பு சுமந்தவன் துலாரியின் புருஷன் தேசராஜ். கூலி கிடைத்தது. கூலியைக் குடித்துவிட்டான். குடித்ததை மறைக்க வேலைக்குப் போனதையே மறைத்துவிட்டான். சர்வேக்காரர்கள் வந்து கம்பு நட்ட செய்தி இதனால்தான் துலாரிக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் வீட்டுக்குச் சாணி பூசுவதிலும் விளக்குக்கு மண் பிசைவதிலும் இருந்தாள். அவளும் சரி, மற்றப் பெண்கள் நாங்களும் சரி, படுகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கோவர்த்தனத்தன்று எங்கள் பக்கத்து ஆண்கள் சிலர் மௌன விரதம் இருப்பார்கள். காலையிலிருந்து மாலைவரை வாய் திறக்காமல், மயில்தோகைக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி வருவார்கள். மாடுகன்று நோயில்லாமல் இருக்க வேண்டுதல். பன்னிரண்டு வருடம் விடாமல் செய்ய வேண்டும், நடுவில் பேசிவிட்டால் தொழுவம் காலியாகும் என்று நம்பிக்கை. தேசராஜுக்கு அது பன்னிரண்டாவது வருடம்.

துலாரி பூசை முடித்து முதல் ஆளாகப் படுகைக்கு இறங்கினாள். பார்த்தால் அவள் பள்ளத்தில், ஒன்றில்லை, வரிசையாகக் கம்புகள். எல்லாவற்றிலும் புத்தம்புது சிவப்புத் துணி.

கேத்கி அந்தத் தீபாவளிக்குச் சிவப்புப் புடவை எடுத்திருந்தாள்.

மேலே கேட்க வேண்டுமா? வேறு யாராக இருந்தாலும் சுவர் தாண்டி "ஏண்டி, இது உன்னுதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். துலாரி கேட்கவில்லை. தண்டை குறுக்கே நின்றது. கம்பில் நம்பர் எழுதியிருந்ததே என்று நான் பின்னால் கேட்டேன். "எனக்கென்ன எழுத்தா தெரியும்? கேத்கி சூன்யம் வெச்சிருக்கான்னு நெனச்சேன்" என்றாள்.

ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். முறை மீறாமல், எறியாமல், எல்லாவற்றையும் வரிசை மாறாமல் கொண்டுபோய்க் கரையோர மணல்மேட்டின் தலையில் நட்டாள். கேத்கி வெட்கப்படட்டும்!

பாதி வேலையில் விரதக் கூட்டம் கரைமேல் வந்தது. தேசராஜ் பார்த்துவிட்டான். கூட்டத்தை விட்டு ஓடிவந்து, மயில்தோகையை ஆட்டி, தலையில் அடித்து, "ம்ம்! ம்ம்!" என்று குதித்தான்.

"என்ன ம்ம்? அண்ணன் பொண்டாட்டிக்கு வக்காலத்தா?" என்றாள் துலாரி.

அவன் கம்பைக் காட்டினான், ஊருக்குப் போகிற ரோட்டைக் காட்டினான், கண்ணுக்கு முன்னால் விரலை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக் காட்டினான். கருவியை அப்படிக் காட்டினானாம்.

"கண்ணடிக்கிறியா? வெக்கமா இல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு, பேசித் தொலையேன்!"

கரைமேல் நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் அழுதுவிடுவான் போல் இருந்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினோரு வருட விரதமும் வீட்டிலிருந்த இரண்டு எருமையும் கண்முன் வந்திருக்கும். கூட்டம் மேளம் தட்டிக் கூப்பிட்டது. போய்விட்டான். எழுதப் படிக்கத் தெரிந்த புருஷன் என்றால் மணலிலாவது எழுதிக் காட்டியிருப்பான். அதைப் படிக்க அவளுக்கும் தெரியாது.

பன்னிரண்டு ஊர் சுற்றித் திரும்பி, விரதம் முடித்து, வாய் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "பாவி, அது சர்க்கார் கம்புடி."

விடிந்ததும் இரண்டு பேரும் ஓடினார்கள். கான்பூர் ஆட்கள் அதற்கு முன்னால் வந்துவிட்டார்கள். அன்று பாய்தூஜ், அண்ணன் தம்பிகளுக்குச் சகோதரிகள் திலகம் வைக்கிற நாள். சீக்கிரம் முடித்துவிட்டு அக்கா தங்கை வீட்டுக்குப் போகவேண்டும் என்று இருட்டிலேயே கிளம்பியிருக்கிறார்கள். முக்காலியில் கருவியை நிறுத்தி, ஒருவன் மேட்டில் கம்புக்குப் பக்கத்தில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தான். குறி வைத்தவர்கள் வேறு, அளக்கிறவர்கள் வேறு. கம்பு எங்கேயோ அங்கே கோலை வைப்பது, நம்பரைச் சொல்வது, போட்டோ எடுப்பது.

துலாரி வாயெடுத்தாள். தேசராஜ் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "சர்க்கார் கம்பப் பிடுங்கினேன்னு சொல்லுவியா? கேஸ் போட்டு உள்ள தள்ளுவான். வா." நாற்பது கிராமம் கேட்கிற வாய், அன்றைக்கு அடைத்துக்கொண்டது.

அளந்தவர்கள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். பக்கத்தில் சாப்பாட்டுக் கடை இல்லை, என் வீட்டுக்காரர் கூட்டிவந்துவிட்டார். கடலைமாவுக் குழம்பும் ரொட்டியும் போட்டேன். உப்பு கம்மி என்றார்கள். அதில் பெரியவன், "நல்ல துறைம்மா உங்களோடது. மழையே இல்லாத வருஷத்துலயும் ஒரு ஆள் ஒசரத்துக்கு மணல் ஏறியிருக்கு" என்றான். அவர்கள் அளந்தது துலாரி மாற்றி நட்ட கம்புகளை என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் ஊர் ஆற்றுக்கு அவ்வளவு மவுசா என்று இன்னும் இரண்டு ரொட்டி போட்டேன்.

மாசி கடைசியில் வரைவு அறிக்கை வந்தது. ஜனங்களிடம் ஆட்சேபம் கேட்க அதிகாரி ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். எங்கள் துறையைக் குத்தகைக்கு ஏற்ற இடம் என்று போட்டிருந்தார்கள். ஊர் பொங்கியது. மணலே வரவில்லை சாகிப், அள்ளினால் படுகை போய்விடும், அடிபம்பில் தண்ணீர் இறங்கிவிடும் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகப் போட்டோவைத் தூக்கிக் காட்டினார். "நீங்க வாயால சொல்றீங்க. நான் அளந்தத காட்டறேன். இதோ உங்க ஊரு, இதோ கம்பு, இதோ ஒசரம்."

துலாரி எழுந்தாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"அந்தக் கம்பு அங்க இல்ல சாகிப். பள்ளத்துல இருந்துச்சு. நான்தான் பிடுங்கி மேட்டுல நட்டேன்."

"எதுக்கும்மா?"

"என் ஓரகத்தியோடதுன்னு நெனச்சேன்."

பள்ளிக்கூடமே சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார். "ஓரகத்தி சண்டைய அறிக்கையில எந்தப் பக்கத்துலம்மா எழுதறது?"

பின்னாலிருந்து கேத்கி கத்தினாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. "என் புடவைய நான் எதுக்குடி கிழிக்கிறேன்? ஊரக் கெடுத்துட்டியேடி!"

மணல் குத்தகைக்குக் காத்திருந்த காண்ட்ராக்டரின் ஆள் ஒருத்தன் ஜன்னலோரம் நின்றிருந்தான். "சர்க்கார் குறியப் பிடுங்கினா என்ன தண்டனைன்னு தெரியுமா? யோசிச்சுச் சொல்லு, பிடுங்கினியா?"

தேசராஜ் கும்பிட்டான். "அவளுக்குப் பித்தம் சாகிப். என்ன பேசறோம்னு தெரியாது."

"பித்தம் ஒங்கப்பனுக்கு. பிடுங்கினேன். எழுதிக்கோங்க, மறுபடி அளங்க" என்றாள் துலாரி.

எழுத்தில் கொடு, பார்க்கலாம் என்றார் அதிகாரி. வாத்தியார் எழுதினார், அவள் கைநாட்டு வைத்தாள். ஒரு வாரத்தில் போலீஸ் வந்தது. அவளையல்ல, கம்பு சுமந்தவன் என்று தேசராஜைக் கூட்டிப்போனார்கள். கம்பு வைத்த இடம் அவனுக்குத் தெரியும், அவன்தான் பெண்டாட்டியை விட்டு மாற்றவைத்தான் என்றார்கள். ஸ்டேஷனில் வைத்திருந்தார்கள், விடவுமில்லை, கேஸ் எழுதவுமில்லை. அவள் ரொட்டி கட்டிக்கொண்டு போய் வாசலில் உட்கார்ந்திருப்பாள். மூன்றாம் தடவை போனபோது அவன் சட்டை மாற்றியிருந்தான். பழைய சட்டை எங்கே என்று கேட்டிருக்கிறாள். அவன் ரொட்டியை இடது கையால் வாங்கிக்கொண்டான். மறுநாள் போய், மனுவில் எழுதியதெல்லாம் பொய் என்று இன்னொரு கைநாட்டு வைத்துவிட்டு அவனைக் கூட்டிவந்தாள்.

குத்தகை விட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல நான் இன்ஜினீயர் இல்லை. சமையல்கட்டிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். பொக்லைன் இறங்கிய முதல் கோடையில் ரொட்டி மாவில் மணல் கடித்தது. லாரிகள் வீட்டு வாசலில் போய்வந்த புழுதியில், காயப்போட்ட வடகத்தை நாய்கூட முகர்ந்துவிட்டுப் போனது. இரண்டாம் வருடம் அடிபம்பு இரைந்தது, தண்ணீர் வரவில்லை. ஆழமாக இறக்கினோம். வந்த தண்ணீரில் பருப்பு வேகவில்லை, வெள்ளைத் துணி மஞ்சளாகியது. ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது அந்த மணல்தானாம், பஞ்சு மாதிரி. பஞ்சை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாம் வருடம் வளைவில் மணலே இல்லை. அடியிலிருந்த களியும் கல்லும் தெரிந்தன, நடுவில் பச்சைத் தண்ணீர் நிற்கிற குழி. எருமை இறங்கினால் ஏறாது. பன்னிரண்டு வருட விரதம் காப்பாற்றிய இரண்டு எருமையில் ஒன்று அதில்தான் போனது.

ஊர் ஆண்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூலி தேடி சூரத்துக்குப் போனார்கள். தேசராஜும் போனான். துலாரியும் கேத்கியும் தனித்தனியாகக் கடைவீதிக்குப் போய், தனித்தனியாக ஒற்றைத் தண்டையை விற்றுப் புருஷனுக்கு ரயில் செலவுக்குக் கொடுத்தார்கள். ஒரே தட்டான் வாங்கினான். ஜோடி சேர்ந்துவிட்டது என்று அவன் சிரித்தானாம்.

ஊர் அவளை ஒதுக்கவில்லை. ஆனால் சண்டை வந்தால் எல்லாரும் முதலில் எடுப்பது அதைத்தான். "போடி, கம்பு பிடுங்கி" என்பார்கள். முன்னாலென்றால் திருப்பிக் கொடுத்திருப்பாள். இப்போது குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் நான் சொன்னேன், "இங்க பாரு துலாரி, நீ பிடுங்கலன்னாலும் அவனுங்க எழுதியிருப்பானுங்க. காண்ட்ராக்டர் ஆளு மொதல்லயே வந்து வளைவப் பாத்துட்டுப் போனான்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு."

"இருக்கும் அக்கா" என்றாள். "ஆனா பொய்ய அவனுங்க கையால எழுதியிருக்கணும். என் கையால எழுதிட்டானுங்களே."

அறிக்கையைச் சில வருடத்துக்கொரு தடவை புதுப்பிக்க வேண்டுமாம். மறுபடி சர்வேக்காரர்கள் வந்தார்கள். இந்தத் தடவையும் மழைக்குப் பிறகுதான், இந்தத் தடவையும் மூங்கில் கம்பு, சிவப்புத் துணி. களியிலும் குழியோரத்திலும் நட்டுவிட்டு, கருவி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் கரையேறுவதற்குள் துலாரி சாக்கோடு இறங்கிப் போய் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

கருவி உடனே வரவில்லை. அவளும் எழுந்து வரவில்லை. வெயிலில் தலையில் சாக்கு, பனியில் உடம்பில் சாக்கு. ஆடு கம்புப் பக்கம் போனால் கல்லெறிவாள். நான் கூப்பிட்டுப் பார்த்தேன். "அடுப்பு எரியுதா பாத்துக்கோ அக்கா, எனக்கு இங்க வேலை இருக்கு" என்றாள். மறுநாள் கேத்கி துணியில் ரொட்டியும் வெங்காயமும் கட்டிக்கொண்டு இறங்கினாள். பக்கத்துக் கல்லில் வைத்தாள். துலாரி அவள் எதிரிலேயே தின்றாள். துணியை உதறி மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசியில் அளக்கிறவர்கள் வந்தார்கள். சின்ன வயசுப் பையன்கள், பழையவர்கள் இல்லை. ஒருவன் கேட்டான், "எதுக்கும்மா இங்க உக்காந்திருக்கீங்க?"

"கம்ப யாரும் எடுக்காம பாத்துக்கறேன்."

அவன் சுற்றிலும் பார்த்தான். களி, கல், குழி. "இங்க யாரும்மா வந்து எடுக்கப் போறா?"

"நான்தான்" என்றாள்.

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒவ்வொரு கம்பாக அளந்தார்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் கூடவே நடந்தாள். குழிக்குள் கோலை இறக்கியபோது அது முழுக்க மறைந்தது. இன்னொரு கோலைச் சேர்த்துக் கட்டி இறக்கினார்கள்.

அறிக்கை இந்தத் தடவை சரியாக வந்தது. சிர்சாபூர்வா துறையில் மணல் இல்லை, படுகை சிதைந்துவிட்டது, இனிக் குத்தகை கிடையாது என்று எழுதியிருந்தார்கள். காண்ட்ராக்டர் அதற்கு முன்பே மேல்துறைக்கு, துலாரியின் அப்பன் வீட்டுப் பக்கம், இயந்திரங்களை நகர்த்தியிருந்தான். எங்கள் வளைவில் இரும்புக் கம்பம் ஊன்றி, மணல் அள்ளத் தடை என்று போர்டு மாட்டிவிட்டுப் போனார்கள். ஜெயித்துவிட்டோம் என்று வாத்தியார் லட்டு வாங்கிக் கொடுத்தார். துலாரி ஒன்றை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள், தின்றாளா என்று தெரியாது.

அடுத்த கோவர்த்தனத்தன்று யாரும் படுகைக்கு இறங்கவில்லை. விரதம் இருக்க ஊரில் ஆண்களும் இல்லை. நான் கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். துலாரி ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். மிச்சமிருந்த எருமையை விற்று வாங்கிய ஆடுகள். கட்ட இடம் தேடினாள். களியில் முளை இறங்காது, கரையில் மரமில்லை. போர்டு மாட்டிய கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"ஏய், பிடுங்கிடாதடி!" என்று நான் கத்தினேன்.

"நல்லா இறுக்கமாத்தான் ஊனியிருக்கான்" என்றாள். ஆட்டைக் கட்டிவிட்டு, முடிச்சு சரியாக இருக்கிறதா என்று ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, தழை ஒடிக்கப் போனாள்.